எண்ணெய் ஏறாத இன்ஜின்: கார்ப்பரேட்டரைக் கடைசியில் திறவுங்கள்

வள்ளத்து இன்ஜின் கரையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். அலை முறியும் இடத்தைத் தாண்டும்வரை ஒரு குறையும் இருக்காது. வெளிக்கடலில் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிக் கொஞ்ச தூரம் போனதும் சத்தம் இறங்கும், இருமும், நின்றுவிடும். ஆறவிட்டு இழுத்தால் மறுபடி ஓடும். குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து என்னிடம் வரும் அவுட்போர்டு இன்ஜின்கள் பெரும்பாலும் இந்தக் கதையோடுதான் வருகின்றன. கூடவே ஒரு வசனமும் வரும்: "அண்ணே, கார்ப்பரேட்டர் நேத்துதான் கழுவினோம்."

கழுவியிருப்பார்கள், சந்தேகமில்லை. மூடியைக் கழற்றினால் கண்ணுக்கு நேராக இருப்பது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் அந்தக் கார்ப்பரேட்டர்தானே. ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கேஸ்கெட் கிழியும், சின்ன ஸ்குரூ மணலில் விழும், உள்ளே எண்ணெய் மட்டத்தைக் காக்கும் மிதவையின் உயரம் மாறும். எண்ணெய் (நாங்கள் அப்படிச் சொல்வது இன்ஜின் எரிக்கும் பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ) எந்த வழியாக வருகிறதோ அதே வழியில், டேங்கிலிருந்து இன்ஜினை நோக்கிப் பார்த்துக்கொண்டு வந்தால் பல நேரம் கார்ப்பரேட்டர் வரை போகவே வேண்டியிருக்காது. இங்கே சொல்வது கார்ப்பரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு. இன்ஜெக்‌ஷன் வைத்த புதிய ஃபோர் ஸ்ட்ரோக்கின் கணக்கு வேறு.

முதலில், குறை எண்ணெயிலா கரண்டிலா என்று தெரிய வேண்டும். சுவிட்சை அணைத்ததுபோலப் பட்டென்று நின்றால் நான் பிளக், காயில், இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் பக்கம் போவேன். இழுத்து இழுத்து, வேகம் ஏறி இறங்கி நின்றால் எண்ணெய். நிற்கப்போகும் நேரத்தில் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். அந்த நொடியில் இன்ஜின் தெளிந்து ஓடினால், அதற்கு எண்ணெய் போதவில்லை என்று அதுவே சொல்லிவிட்டது. ஸ்டார்ட்டே ஆகாத இன்ஜின் என்றால், சோக் போட்டுச் சில தடவை இழுத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. நனைந்திருந்தால் வந்திருக்கிறது; தீப்பொறியைத் தேடுங்கள்.

இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு வேண்டிய ஆயிலும் எண்ணெயில் கலந்துதான் போகிறது. 50:1 கலவை என்றால் லிட்டருக்கு 20 மில்லி. எண்ணெய் குறைந்தால் ஆயிலும் குறையும். அப்படியே முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும். அப்புறம் ஓஸ் (எண்ணெய் வரும் ரப்பர் குழாய்) மாற்றும் செலவு, சிலிண்டரைக் கடையும் போர் வேலையாகிவிடும்.

சரி, டேங்க். மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? சிரிக்க வேண்டாம். அலையடித்துத் தண்ணீர் போகும் என்று அதை இறுக்கிவிட்டு, திறக்க மறந்து கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்று போக வழியில்லாமல் டேங்க் ஒட்டும், இன்ஜின் நிற்கும். சந்தேகமிருந்தால் மூடியையே தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் வேலை முடிந்தது.

அடுத்தது என் கையில் இருப்பதிலேயே சிறந்த சோதனை. பக்கத்து வள்ளத்தின் டேங்கை ஓஸோடு சேர்த்துக் கேட்டு வாங்கி மாட்டுங்கள். கனெக்டர் ஒத்துப்போக வேண்டும், ஆயில் கலந்த எண்ணெயாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் ஓடினால் உங்கள் குறை டேங்கிலோ ஓஸிலோ இருக்கிறது. அதிலும் இழுத்தால் குறை இன்ஜினுக்குள். ஒரு ஸ்பேனரும் தொடாமல் பாதித் தேடல் குறைந்துவிடும்.

ஓஸின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பைப் பலரும் எண்ணெய் ஏற்றுவதற்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். கோளாறு எங்கே என்று பாதி அதுவே காட்டிக்கொடுக்கும். அதன் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அது இன்ஜினைப் பார்க்க வேண்டும். அமுக்கும்போது அம்பு மேல்நோக்கி இருக்கும்படி பல்பை நிமிர்த்திப் பிடியுங்கள், உள்ளே இருக்கும் வால்வுகள் ஒழுங்காக உட்காரும். எத்தனை அமுக்கினாலும் கெட்டியாகவில்லை என்றால் டேங்குக்கும் பல்புக்கும் நடுவே காற்று இழுக்கிறது, அல்லது பல்பின் வால்வு போய்விட்டது. கார்ப்பரேட்டரிலிருந்து எண்ணெய் வழிந்தால் அங்கே மிதவையின் ஊசி மூடவில்லை. கல்லாக இறுகி நிற்கிறது, இன்ஜினுக்கோ எண்ணெய் இல்லை என்றால் அடைப்பு பல்புக்கு அப்பால்: கனெக்டர், ஃபில்டர், இல்லாவிட்டால் மூடியபடியே ஒட்டிக்கொண்ட ஊசி. ஓடும்போது பல்ப் சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிக் கிடந்தால் அடைப்பு டேங்க் பக்கம். ஓடும்போது கொஞ்சம் தளர்ந்திருப்பது குறையில்லை.

நிற்கப்போகும் இன்ஜின், ஒருவர் பல்பை விடாமல் அமுக்கிக்கொண்டிருக்கும்வரை நன்றாக ஓடுகிறதா? அப்படியானால் எண்ணெயை இழுத்துக் கொடுக்கும் பம்ப் பலவீனம், அல்லது வழியில் காற்றோ அடைப்போ இருக்கிறது. கரைக்கு வந்து சேரவும் இந்த வித்தை உதவும்.

காற்று இழுக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. எண்ணெய் வெளியே கசியாமலே காற்று உள்ளே போகும். பல்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே அதே அளவில் ஒரு சாண் கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக் குழாயைக் கிளிப் போட்டுச் சேருங்கள். ஓட்டினால் குமிழ்கள் வரிசையாகப் போவது தெரியும். முதல் குற்றவாளி கனெக்டரில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். அதன் விலை ஒரு டீக் காசுதான், ஆனால் உப்பு ஏறி வெடித்துவிடும். அப்புறம் கிளிப்புகள். பார்த்து முடித்ததும் அந்தக் குழாயைக் கழற்றிவிடுங்கள், அது எண்ணெய்க்கென்று செய்ததில்லை.

ஓஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சென்ற மழைக்காலத்தில் ஒரு தம்பி கொண்டுவந்த இன்ஜினில் பல்ப் ஒட்டிக்கொண்டது, டேங்க் சுத்தம், உறிஞ்சு குழாயின் சல்லடையும் சுத்தம். ஓஸை வாயால் ஊதினால் காற்று தாராளமாகப் போனது. நீளவாக்கில் கத்தியால் கீறினேன். உள்பக்கத்து மெல்லிய உறை ஓரிடத்தில் உரிந்து நாக்குப்போலத் தொங்கியது. ஊதினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் இழுக்கும்போது எழுந்து வழியை மூடிவிடும். மெதுவாக ஓடும்வரை தெரியாது, வேகம் கூடினால்தான் தெரியும். பெட்ரோல் பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. பழைய ஓஸுக்கும் பல்புக்கும் அது ஒத்துக்கொள்வதில்லை. வாங்கும்போது எத்தனால் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

அதே எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். அளவுக்கு மேல் சேர்ந்தால் இரண்டும் சேர்ந்து அடியில் தனியாக இறங்கிவிடும். உறிஞ்சு குழாய் நிற்பதும் அங்கேதான். பார்ப்பது சுலபம். கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்குரூவைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து அசையாமல் வையுங்கள். அடியில் முத்து முத்தாகவோ தனி அடுக்காகவோ நின்றால் தண்ணீர். கிண்ணத்தை மட்டும் வடித்துப் பயனில்லை, டேங்கையே காலி செய்து காயவைக்க வேண்டும். வடித்ததைக் கடலில் ஊற்றாதீர்கள். பழைய சேலைத் துணியில் வடிகட்டுகிறவர்களுக்கு ஒன்று: அதன் நூல்தான் உங்கள் ஃபில்டரில் சுற்றிக் கிடக்கிறது. சல்லடை வைத்த புனல் வாங்குங்கள்.

இவ்வளவும் சரியென்றால் பம்ப். பெட்ரோல் ஆவி நிற்கும் வேலை இது, பீடி தள்ளியே இருக்கட்டும். கில் சுவிட்ச் கிளிப்பை எடுத்துவிட்டு, பம்பிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் போகும் ஓஸைக் கழற்றிக் குப்பிக்குள் விட்டு, கயிற்றை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் விட்டுவிட்டுப் பாய வேண்டும். பாயவில்லை என்றால் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வையும் சின்ன வால்வுத் தகடுகளையும் பாருங்கள். பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிரேங்க் கேஸின் அழுத்தம் ஏறி இறங்குவதில்தான் இந்தப் பம்ப் வேலை செய்கிறது. அதனால் டயாஃப்ரம் கிழிந்தால் எண்ணெய் அந்தத் துளை வழியாக நேரே உள்ளே போகும். இரண்டு சிலிண்டர் இன்ஜினில் ஒரு பிளக் மட்டும் எப்போதும் நனைந்து கறுத்திருந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான்.

கார்ப்பரேட்டர் இப்போதுதான். எண்ணெயை அளந்து விடும் சின்னத் துளை வைத்த ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், துளை வட்டமாகத் தெரிய வேண்டும். கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதானால் அந்த ஜெட் போச்சு.

மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜினில் கோளாறே இல்லாமல் ஒரு கோளாறு வரும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். கரைக்கு வரும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்த வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் கிண்ணம் நிறைய மண்ணெண்ணெய் நிற்கும், விடியற்காலைக் குளிரில் எத்தனை இழுத்தாலும் பிடிக்காது. கிண்ணத்தை வடித்துப் பெட்ரோல் ஏற்றினால் போதும்.

முடித்ததும் தண்ணீர் டிரம்மில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று வலை ஏற்றிவிடாதீர்கள். டிரம்மில் பாரம் இல்லை. எண்ணெய் அதிகம் வேண்டியிருக்காது. கூட ஒரு வள்ளம் வரும் நாளில், கரை தெரியும் தூரத்திலேயே முழு வேகத்தில் ஒரு கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஓ-ரிங் இரண்டும் கிளிப் நாலும் ஒரு டப்பாவில் போட்டு வள்ளத்திலேயே வையுங்கள்.