மூன்று மாத மாவட்ட போஸ்டிங்: சைக்கியாட்ரி பிஜிக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்டி சைக்கியாட்ரி, அதாவது மனநல மருத்துவ மேற்படிப்பு படிக்கும் ஜூனியர்கள், மாவட்ட போஸ்டிங்கான டிஆர்பி (டிஸ்ட்ரிக்ட் ரெசிடென்சி புரோகிராம்) பற்றி வருஷா வருஷம் கேட்பது இதைத்தான்: "அண்ணா, டிஆர்பியில தீசிஸ் எழுத டைம் கிடைக்குமா?" முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. 2020-இல் மருத்துவ மேற்படிப்பு விதியைத் திருத்தி, 3, 4, 5 ஆகிய செமஸ்டர்களில் ஏதாவது ஒன்றில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தே ஆகவேண்டும், ஒழுங்காக முடிக்காவிட்டால் இறுதித் தேர்வு கிடையாது என்று வைத்துவிட்டார்கள். அதனாலேயே பலருக்கு இது வெறும் கையெழுத்துச் சமாச்சாரம். காலையில் அட்டெண்டன்ஸ், மதியம் ரூமில் லேப்டாப். முதல் இரண்டு வாரம் நானும் அப்படித்தான் இருந்தேன், மறைக்க ஒன்றுமில்லை.

அடுத்தது, காலேஜில் எழுதிப் பழகிய மருந்துச் சீட்டை அப்படியே அங்கேயும் எழுதுவது. இதில் நான் நன்றாகவே அடிபட்டேன். இரண்டு பஸ் மாறி அம்மாவோடு வந்த 24 வயதுப் பையன், ஊரே தன்னைப் பற்றிப் பேசுகிறது என்று மூன்று மாதமாக வீட்டை விட்டு வெளியே வராதவன். நான் எழுதிய மாத்திரை ஆஸ்பத்திரி பார்மசியில் இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் வாங்கிக் கொடுத்த அம்மா அப்புறம் காசில்லாமல் நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் வந்தபோது பையன் என் முகத்தையே பார்க்கவில்லை. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, காலி மாத்திரை அட்டையை மேசையில் வைத்து, "இதுக்கு மேல வாங்கக் காசில்லைங்க சார்" என்றார். அவனுக்குக் கொடுத்திருக்கக்கூடிய ரிஸ்பெரிடோன் மாத்திரை ஆஸ்பத்திரி பார்மசியில் தாராளமாக இருந்தது. நான்தான் கேட்கவே இல்லை.

போன முதல் நாளே பார்மசிஸ்ட்டைப் பார்த்து என்ன மருந்து தொடர்ந்து வருகிறது, எது அடிக்கடி தீர்ந்துபோகிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லேபிலும் ஒரு நடை கேட்டுவிடுங்கள். ரத்தத்தில் லித்தியம் என்ற மனநல மருந்தின் அளவைப் பார்க்க முடியாத இடத்தில் லித்தியத்தை ஆரம்பித்துவிட்டு நீங்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டால், அப்புறம் அதை யார் பார்ப்பது? க்ளோசபின் என்ற மனநல மருந்துக்கும் இதே கதைதான், ஆரம்ப மாதங்களில் வாரா வாரம் வெள்ளையணு எண்ணிக்கை வேண்டும்.

மனநலம் சரியாக வேண்டிப் போகும் குணசீலம் கோயிலில் 48 நாள் இருந்துவிட்டு வந்தோம் என்று குடும்பம் சொன்னால் சிரிக்காதீர்கள், முகத்தையும் சுளிக்காதீர்கள். சிரித்தால் அடுத்த தடவை அந்த விஷயத்தை உங்களிடம் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். மருந்தோடு சேர்த்துக் கும்பிடட்டும், என்ன குறைந்துவிடும்? ஆனால் சங்கிலி என்று காதில் விழுந்தால் அது வேறு விஷயம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீயில் இறந்த 28 பேரும் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால்தான் ஓட முடியவில்லை. 2017 மனநலச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. அதைக் குடும்பத்திடம் பக்குவமாக எடுத்துச் சொல்வது நம் வேலை.

இப்போது டீச்சிங். பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலைய) டாக்டர்களுக்கு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுக்கச் சொல்வார்கள், நம் ஆள் 60 ஸ்லைடோடு போய் மனச்சோர்வுக்கான அளவுகோல்களை வரிசையாக வாசிப்பார், பின்வரிசை தூங்கும். அவர்கள் ஓபிக்கு வருகிற பெண் "மனச்சோர்வு" என்றா சொல்வார்? கை கால் குடைச்சல், நெஞ்சு எரிச்சல், ராத்திரி தூக்கமில்லை என்பார், அதற்குள் நாலு தடவை வலி ஊசியும் சத்து மாத்திரையும் வாங்கியிருப்பார். ஸ்லைடை மூடிவிட்டு, "போன வாரம் திரும்பத் திரும்ப வந்த ஒரு கேஸைச் சொல்லுங்க" என்று ஆரம்பித்துப் பாருங்கள், அந்த ஒரு மணி நேரம் போதாது.

இன்டர்ன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, நோயாளியை நடுவில் உட்காரவைத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்று "என்ன குரல் கேட்குது?" என்று விசாரிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். சம்மதம் கேட்டு இரண்டு பேரை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டால் போதும்.

டீச்சிங் வேண்டுமென்றால் நகரம், கிராமம் போனால் பேராசிரியர் கனவு காலி என்ற கணக்கும் பழசாகிவிட்டது. 2025-இல் வந்த ஆசிரியர் தகுதி விதிப்படி, குறைந்தது 220 படுக்கை உள்ள அரசு மருத்துவமனையில் இரண்டு வருஷம் ஸ்பெஷலிஸ்ட்டாக இருந்தவர் சீனியர் ரெசிடென்சி (மேற்படிப்புக்குப் பிறகு மருத்துவக் கல்லூரியில் பார்க்கும் பயிற்சிப் பணி) இல்லாமலே உதவிப் பேராசிரியர் ஆகலாம், ஆராய்ச்சி முறை பற்றிய அடிப்படைப் படிப்பை மட்டும் இரண்டு வருஷத்துக்குள் முடிக்கவேண்டும்.

கடைசித் தவறு, சொல்லாமல் கிளம்புவது. மூன்றாவது மாதம் தொடங்கும்போதே தொடர்ந்து வருகிறவர்களிடம் உங்கள் கடைசி தேதியைச் சொல்லுங்கள். யாருக்கு என்ன மருந்து, அடுத்து எப்போது வரவேண்டும், வீட்டில் யாரிடம் பேசலாம் என்று ஒரு நோட்டில் எழுதி, மாவட்ட மனநலத் திட்டத்தின் சோஷியல் வொர்க்கர் கையில் கொடுங்கள். சீட்டின் பின்பக்கம் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416-ஐப் பெரிதாக எழுதுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.