“அம்மாட்ட சொல்லிராதிய சார்”: மாணவர்களுக்குக் கவுன்சலிங் கொடுக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் சமீபத்தில் ஒரு காட்சி. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த கவுன்சலர் தம்பி, பிளஸ் டூ பையன் அறையை விட்டுப் போன ஐந்தாவது நிமிடம் செல்போனை எடுத்து அவன் அம்மாவைக் கூப்பிட்டார். பல வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. பிள்ளை பேசும்போது கொட்டாவி விடாதீர்கள், போனை நோண்டாதீர்கள் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

பிள்ளை சொன்னதை வீட்டுக்குக் கடத்துவது

முக்கூடல் பக்கத்துப் பையன். அம்மா பீடி சுற்றுகிறவர், அப்பா வெளியூரில் கடை வேலை. அரையாண்டில் இயற்பியல் ஃபெயில். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுவிட்டு, இரண்டு வாரமாகத் தூங்காமல் கிடந்திருக்கிறான். மூன்றாவது தடவை வந்தபோதுதான், சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே, வாயைத் திறந்தான். கடைசியில், “அம்மாட்ட சொல்லிராதிய சார்” என்றான். தலையை ஆட்டினேன்.

அன்று சாயங்காலமே சொன்னேன். பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்கலாமா என்று எனக்கு நானே ஒரு நியாயம். பையனைத் திட்டக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டேன். அந்த அம்மா திட்டவில்லைதான். சொளவை மடியில் வைத்தபடி அழுதிருக்கிறார். பக்கத்தில் இலை வெட்டிக்கொண்டிருந்த சித்தி ஏன் என்று கேட்டிருக்கிறார். அது மாமா காதுக்குப் போய், ராத்திரி எட்டு மணிக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் பையன் வந்தான். எதைக் கேட்டாலும் “நல்லாருக்கேன் சார்”. பட்டனைத் தொடவே இல்லை. அதோடு வருவதை நிறுத்தினான். அவன் மட்டும் இல்லை, மார்ச் பொதுத்தேர்வு முடிகிறவரை அந்த வகுப்பிலிருந்து ஒருத்தன்கூட என் அறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இதைச் சொன்னால் உடனே, “அப்போ சாகணும்னு சொன்னா?” என்று மடக்குவார்கள். அது வேறு கணக்கு. உயிருக்கு ஆபத்து என்றால் மூடிவைக்கக் கூடாது. பாலியல் கொடுமை என்றால் 2012 போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் இந்த எல்லையை முதல் நாளே, அவன் எதையும் கொட்டுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். நான் இப்போது சொல்வது இதுதான்: “நீ சொல்றது என்கிட்டயே இருக்கும். உன் உயிருக்கு ஆபத்துன்னு பட்டாலோ, உன்னை யாராவது கொடுமைப்படுத்தினாலோ மட்டும் சொல்ல வேண்டிய ஆள்கிட்ட சொல்லுவேன். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்.” இயற்பியல் மார்க்கும் கள்ளக் கையெழுத்தும் இதில் வராது.

வீட்டில் பேசித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு தாளின் நடுவே கோடு போட்டு, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். போனை அவன் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள். எழுதிக்கொண்டே இருக்கும்போது பேனாவை வைத்துவிட்டு, “நானே சொல்லிக்கிடுதேன் சார்” என்று எழுந்துபோன பிள்ளைகளும் உண்டு.

“எல்லாம் சரியாப் போயிரும்”

சொல்லாதீர்கள்.

பரீட்சை வாசலில் மூச்சுப் பயிற்சி

ஒரு பெண் பிள்ளை ஹாலுக்கு வெளியே நின்று, சொல்லிக்கொடுத்தபடியே மூச்சை இழு இழு என்று இழுத்துத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். வேகமாக, ஆழமாக இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து கிறுகிறுப்புதான் வரும். மெதுவாக இழுத்து, அதைவிட நீளமாக விட வேண்டும். அதையும் பரீட்சைக்குப் பல வாரம் முன்பே, பயம் இல்லாத நாட்களில் பழக்க வேண்டும். நீச்சல் தெரியாதவனுக்குத் தாமிரபரணியில் வெள்ளம் போகும் அன்றைக்கா பாடம் நடத்துவோம்?

பயத்தை மொத்தமாகத் துரத்தப் பார்ப்பது

கொஞ்சம் இருக்கட்டும். 1908-ல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர், கடினமான வேலையைக் கற்பதற்கு மிதமான தூண்டுதலே தோது என்று கண்டார்கள். அவர்கள் சோதித்தது சுண்டெலிகளை, பிளஸ் டூ பிள்ளைகளை அல்ல. ஆனாலும் துளிப் பயமும் இல்லாதவன் புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை.

டாக்டரிடம் அனுப்பத் தயங்குவது

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பேச்சில் சாவு எட்டிப் பார்க்கிறது என்றால் நம் பேச்சு மட்டும் போதாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. “பைத்தியத்துக்குப் பாக்குற இடமா?” என்று வீட்டில் மிரளுவார்கள். தூக்கம் வராததைக் காட்டிவிட்டு வருவோம் என்று சொல்லிக் கூடவே போங்கள். அது பொய்யும் இல்லை.

ராத்திரிக்கு 14416 இருக்கிறது. போனிலேயே மனநல ஆலோசனை சொல்கிற அரசின் டெலிமானஸ் எண், காசு கிடையாது. நான் அதை என் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். வராந்தா போர்டில் ஒட்டினால் நின்று குறித்துக்கொள்ள எந்தப் பயலுக்கும் தைரியம் வராது.