ஓணத்துக்குப் பத்து நாள் முன்னால் புதுத் தளம்

எங்கள் பக்கம் பூசணிக்காய் என்றால் மஞ்சள் பூசணி. வெள்ளையாக இருப்பது தடியங்காய். சென்னையில் பூசணி என்றால் வெள்ளை, மஞ்சளுக்குப் பெயர் பரங்கி. ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துக்குள் போய்விட்டால் வெள்ளை கும்பளங்காய், மஞ்சள் மத்தன். இந்த இரண்டு காயும் சேர்ந்து ஒரு பெரிய இணையதளத்தைக் கவிழ்த்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். கவிழ்த்ததில் எனக்கும் பங்கு உண்டு.

செங்கோட்டையில் இருந்துகொண்டு மொத்த வியாபாரிகளுக்கு இணையதள வேலை பார்க்கிறேன். பாவூர்சத்திரத்திலும் சுரண்டையிலும் ஏற்றுகிற காய்கறி லோடு புளியரை செக்போஸ்ட் கடந்து புனலூர், கொல்லம் என்று போகும். நான் சொல்லும் தளம் அப்படி ஒரு வியாபாரியுடையது. 2011இல் தொடங்கியது. தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று என்று தினமும் இரண்டு விலைப் பக்கம் ஏறும். 2022இல் எண்ணிப் பார்த்தால் எட்டாயிரம் பக்கம். பார்க்க அழகாக இருக்காது. முதலாளி அண்ணாச்சிக்கு அலுத்துவிட்டது. "எல்லாத்தையும் தூக்கிட்டுப் புதுசாப் போடுங்க தம்பி" என்றார். வெளியூர்க் கம்பெனி ஒன்றும் நாங்களும் சேர்ந்து ஏழு மாதம் உழைத்தோம். ஓணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது திறந்தோம். நாலாம் நாள் பழைய தளத்தையே திரும்பத் தூக்கி வைத்தோம்.

முதல் தவறு, பழைய தளத்தைக் குப்பை என்று நினைத்தது. அந்தத் தளத்தின் தேடல் பெட்டிக்குப் பின்னால் ஒரு சொற்பட்டியல் இருந்தது. கடையில் பில் போடும் அக்கா ஒருவர், யாராவது போன் செய்து "கிடைக்கலையே" என்று சொல்லும்போதெல்லாம் ஒரு சொல்லைச் சேர்த்துவிடுவார். மரச்சீனி, கப்பை, மரவள்ளி, ஏழிலைக்கிழங்கு என்று எதை அடித்தாலும் ஒரே பக்கம் வரும். நல்லமிளகும் குறுமிளகும் ஒன்று. ஏத்தனும் நேந்திரனும் ஒன்று. பதினோரு வருஷம் சேர்ந்த அறிவு அது. எந்த ஆவணத்திலும் இல்லை, எங்களிடம் யாரும் சொல்லவும் இல்லை, நாங்களும் கேட்கவில்லை. புதுத் தளத்தில் மரச்சீனி என்று அடித்தால் "முடிவுகள் இல்லை" என்று அழகான எழுத்தில் வந்தது. பூசணி விஷயம் இன்னும் மோசம். பட்டியலைத் தயாரித்த சென்னைப் பையன் அவன் ஊர் வழக்கப்படி தடியங்காயைப் பூசணி என்று போட்டுவிட்டான். புனலூர்க்காரர் எரிசேரிக் கறிக்கு மத்தன் வேண்டுமென்று நம் தமிழ்ப் பெயரைத் தேடிப் பிடித்து ஆர்டர் போட, ஓலன் கறிக்கான தடியங்காய் ஒரு லோடு போய் இறங்கியது.

இதே பள்ளத்தில் நம்மைவிடப் பெரிய ஆட்கள் விழுந்திருக்கிறார்கள். நெட்ஸ்கேப் நிறுவனம் 1997இல் தன் உலாவியின் நாலாம் பதிப்பை வெளியிட்டது. அப்புறம் பழைய நிரலை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து எழுத உட்கார்ந்தது. ஐந்தாம் பதிப்பு வரவே இல்லை. 2000 நவம்பரில் ஆறு வந்தபோது சந்தை மைக்ரோசாஃப்டின் எக்ஸ்ப்ளோரர் கைக்குப் போயிருந்தது. பழைய நிரலில் அசிங்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும் வரிகளில் பாதி, என்றைக்கோ ஒருவர் சொன்ன புகாருக்கு வைத்த ஒட்டு. கை வைக்கும் முன் மூன்று மாதத் தேடல் பதிவை எடுத்து எந்தச் சொல்லை அடிக்கிறார்கள், எதற்கு விடை வரவில்லை என்று பாருங்கள். பில் போடுகிறவரிடம் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பேசுங்கள். மேலாளரிடம் கேட்பதைவிட இதில் சரக்கு அதிகம் கிடைக்கும்.

இரண்டாவது, பக்கங்களின் முகவரியை மாற்றியது. ஓணம் நெருங்கும்போது வியாபாரிகள் போன வருஷம், அதற்கு முந்தைய வருஷம் இதே நாளில் ஏத்தன் என்ன விலை போயிற்று என்று பார்த்துத்தான் களக்காட்டுத் தோட்டக்காரரிடம் பேரம் பேசுவார்கள். அந்தப் பக்கங்களின் சுட்டிகள் வாட்ஸ்அப் குழுக்களில் வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருந்தன. எட்டாயிரம் முகவரியையும் நாங்கள் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டோம். பக்கம் இல்லை என்று காட்டும் 404 பிழை வராது, யாரும் தொலைந்துபோக மாட்டார்கள் என்று நினைப்பு. 2019 விலையைத் தட்டினால் "எங்களைப் பற்றி" என்று அண்ணாச்சியின் படம் வந்து நின்றது. கூகுளும் இந்த மாதிரி மொத்தமாக முகப்புக்குத் திருப்புவதைப் பக்கம் இல்லை என்ற கணக்கில்தான் எடுத்துக்கொள்ளும்.

எங்கள் ஊர் 1949 வரைக்கும் திருவிதாங்கூர், அப்புறம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருக்கொச்சி. அந்தக் காலத்து மலையாளப் பத்திரங்களைப் பெட்டியில் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. ஆட்சி மாறிவிட்டது என்று யாரும் அதைத் தூக்கி எறியவில்லை, பாகப் பிரிவினை வரும்போது அதைத்தான் தேடுவார்கள். பழைய முகவரியும் அப்படித்தான். மாற்றாமல் இருப்பது உத்தமம். மாற்றியே ஆகவேண்டும் என்றால் ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு நேரான புதுப் பக்கத்துக்கு 301 நிரந்தரத் திருப்பலாகக் கொடுங்கள். குறைந்தது ஒரு வருஷமாவது அதை எடுக்காதீர்கள். எடுக்காமலே விட்டால் இன்னும் நல்லது, அதற்கு ஒன்றும் பெரிய செலவில்லை.

அடுத்த தவறை விளக்கக் கொஞ்சம் கணக்குச் சொல்ல வேண்டும். அந்த நாலு நாளில் ஆர்டர் குறைந்தது. ஏன்? தேடலா, முகவரியா, புதிதாக வைத்த ஓடிபியா, நாலு திரையாக உடைத்த ஆர்டர் படிவமா? எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் மாற்றியதால் எது கடித்தது என்று சொல்ல வழியில்லை. மாற்றுவதற்கு முன் ஒருவர் ஆர்டர் போட எத்தனை நிமிஷம் எடுத்தது என்ற கணக்கும் எங்களிடம் இல்லை. போதாக்குறைக்கு ஓண சீசன். முந்தின வாரத்தோடு ஒப்பிட்டால் ஏறியிருக்கும், போன வருஷத்தோடு ஒப்பிட்டால் இறங்கியிருக்கும். பிரிட்டனின் பெரிய கடை நிறுவனமான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2014 பிப்ரவரியில் சுமார் 15 கோடி பவுண்டு செலவில் புதுத் தளம் திறந்தது. பழைய வாடிக்கையாளர்கள் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கோடையில் வந்த காலாண்டுக் கணக்கில் இணைய விற்பனை 8.1 சதவீதம் சரிந்திருந்தது. அவர்களுக்குத் தாங்கும். அண்ணாச்சிக்குத் தாங்காது.

ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள். ஆர்டர் படிவம் என்றால் படிவம் மட்டும். நூறு பேரில் ஐந்து பேருக்குப் புதியதைக் காட்டி, மீதிப் பேரோடு ஒப்பிட்டு, சரியில்லை என்றால் அன்று சாயங்காலமே பழையதுக்குத் திருப்ப முடிய வேண்டும். இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. தினம் நானூறு பேர் வரும் தளத்தில் ஐந்து சதவீதம் என்பது இருபது பேர். அதை வைத்து சதவீதம் போடுவது குறி கேட்பது மாதிரி. அந்த இருபது பேருக்கும் போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

இத்தனை பெரிய தளத்தை எப்படித் துண்டு துண்டாக மாற்றுவது என்று கேட்பீர்கள். பனைமர மட்டை இடுக்கில் பறவை போட்ட ஆலம்விதை முளைத்து, விழுதிறக்கி, பனையைச் சுற்றி வளர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மென்பொருள் வல்லுநர் மார்ட்டின் ஃபௌலர் ஆஸ்திரேலியக் காட்டில் இப்படி ஒரு மரத்தைப் பார்த்துத்தான் 2004இல், பழையதைச் சுற்றிப் புதியதை வளர்க்கும் இந்த முறைக்குப் பெயர் வைத்தார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பழைய சர்வருக்கு முன்னால் வாசல்காரன் மாதிரி ஒரு சர்வரை நிறுத்துங்கள். மிளகுப் பக்கம் கேட்டு வருகிறவரை அது புதுச் சர்வருக்கு அனுப்பும், மற்றவர்களைப் பழையதுக்கே அனுப்பும். முகவரி அப்படியே இருக்கும், வருகிறவருக்குத் தெரியவே தெரியாது. சிக்கல் வருவது லாகினில். இரண்டு பக்கமும் ஒரே ஆளை அடையாளம் காணவேண்டும், அதை முதலில் தீர்க்காமல் இறங்காதீர்கள்.

படிப்படியாகச் செய்கிறவர்களுக்கென்றே ஒரு தவறும் இருக்கிறது. பழையதை அணைக்க மறப்பது. முக்கால்வாசி நகர்த்தியதும் உற்சாகம் வடிந்துவிடும், இரண்டு தளத்துக்கும் சர்வர் வாடகை கட்டிக்கொண்டே இருப்பீர்கள். ஒரு பகுதியை நகர்த்தும் அன்றே அதன் பழைய பாதி அணையும் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள்.

முகப்புப் பக்கத்தில் ஆரம்பிப்பதும் வேண்டாத வேலை. கூட்டத்தில் எல்லோருக்கும் கருத்து இருப்பது அதைப் பற்றித்தான். எங்கள் வருகைப் பதிவில் பார்த்தால் பெரும்பாலானவர்கள் நேரே விலைப் பக்கத்தில் வந்து இறங்கி அப்படியே போகிறவர்கள். விக்கிப்பீடியா தன் தோற்றத்தை மாற்றியபோது முதலில் சில மொழிகளில் விட்டுப் பார்த்து, ஆங்கிலத்துக்கு 2023 ஜனவரியில்தான் வந்தது. பழைய தோற்றமே வேண்டும் என்கிற பயனர்கள் லாகின் செய்து அதற்கே திரும்பும் வசதியையும் விட்டு வைத்தது. தளத்தை தினமும் பார்த்து அலுத்துப்போவது நமக்குத்தான், மாதம் இரண்டு தடவை வருகிறவருக்கு அது பழகின கடை.

மொத்தமாக மாற்றியே ஆகவேண்டிய நேரமும் வரும். உலாவிக்குள் ஓடிய ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் முழுக்கக் கட்டிய தளங்களுக்கு 2020 டிசம்பர் 31ஆம் தேதி அடோபி ஆதரவை நிறுத்தியபோது வேறு வழியில்லை. எங்கள் செங்கோட்டை-புனலூர் ரயிலும் அப்படித்தான். 1904இல் வந்த மீட்டர் கேஜ் பாதையை 2010இல் மூடினார்கள், அகலப்பாதையில் ரயில் திரும்ப ஓடியது 2018இல். மலையைக் குடைந்த பாதைக்கு அது சரி. அந்த எட்டு வருஷமும் ஆட்கள் பஸ்ஸில் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். உங்கள் தளத்தை மூடினால் அவர்கள் ஏறப்போகும் பஸ் போட்டியாளருடையது.

அண்ணாச்சியின் தளம் இப்போது முக்கால்வாசி புதுசு. மாறியது அவருக்கே பாதி தெரியாது. மலையாளத்தில் 2014க்கு முந்தைய விலைப் பக்கங்கள் மட்டும் இன்னும் பழைய சர்வரில் கிடக்கின்றன. போன வாரம் கேட்டேன். ஆவணி கழியட்டும் தம்பி என்றார்.