கழுத்துப்பட்டை அராசாரி: கோஸ்டா ரிக்கா காட்டில் தேடிப் படமெடுக்க ஒரு செய்முறை

கழுத்துப்பட்டை அராசாரி என்ற சிறிய டூக்கான் பறவையைத் தேடி, கோஸ்டா ரிக்காவின் சரப்பிக்கி பகுதியில் மூன்று நாள் சுற்றினேன். முதல் இரண்டு நாளும் கேமராவில் விழுந்ததெல்லாம் பறந்துபோகும் வால்கள்தான். மூன்றாம் நாள் காலையில் ஒரே மரத்தடியில் நாற்பது நிமிடம் நின்றேன். ஐந்து பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. அந்த இடைவெளியில் நான் மாற்றிக்கொண்டது என்ன என்பதை எழுதி வைக்கிறேன். ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் ஏற்கெனவே பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்தப் பறவை என்று தெளிவாகுங்கள்

டூக்கான் என்றதும் நம்மில் பலருக்கு வால்பாறை இருவாச்சி ஞாபகம் வரும். அலகு பெரியது என்பதைத் தவிர இரண்டுக்கும் நெருங்கிய உறவு இல்லை. டூக்கான்கள் மரங்கொத்தி, குக்குறுவான் வரிசையைச் சேர்ந்தவை. நம்மூர் ஆலமரத்தில் 'டுக் டுக் டுக்' என்று விடாமல் கத்தும் செம்மார்புக் குக்குறுவான்தான் இவற்றுக்கு நெருங்கிய சொந்தம். காலைப் பாருங்கள்: இரண்டு விரல் முன்னால், இரண்டு பின்னால்.

கோஸ்டா ரிக்காவில் டூக்கான் குடும்பத்தில் ஆறு இனங்கள் உண்டு. இரண்டு பெரியவை, நான்கு சிறியவை. நாம் தேடும் கழுத்துப்பட்டை அராசாரி சிறியவற்றில் ஒன்று. அலகிலிருந்து வால் நுனிவரை சுமார் 40 சென்டிமீட்டர், எடை கால் கிலோ அளவு.

பெயரை நம்பிக் கழுத்துப்பட்டையைத் தேடாதீர்கள். அது பிடரியில் இருக்கும் மெல்லிய செம்பழுப்புக் கோடு. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. கீழிருந்து தெரிவது இவைதான்: மஞ்சள் மார்பின் நடுவே வட்டமான கறுப்புப் புள்ளி, அதற்குக் கீழே கறுப்பும் சிவப்பும் கலந்த ஒரு பட்டை, கண்ணைச் சுற்றிச் சிவந்த தோல். மேலலகு தந்த நிறம், கீழலகு கறுப்பு. அலகின் ஓரத்தில் ரம்பப் பல் போன்ற அடையாளம்.

படி 2: இடமும் நேரமும்

நாட்டின் கரீபியப் பக்கத்துத் தாழ்நிலக் காடுதான் எளிது. நான் போனது சரப்பிக்கியில் புவெர்தோ வியேஹோ ஊருக்கு அருகிலுள்ள லா செல்வா ஆய்வு நிலையத்துக்கு. 1954-இல் லெஸ்லி ஹோல்ட்ரிட்ஜ் என்ற சூழலியலாளர் வாங்கிய பண்ணை அது. 1968 முதல் வெப்பமண்டல ஆய்வுகளுக்கான நிறுவனத்தின் கையில் இருக்கிறது. சுமார் 1,600 ஹெக்டேர் காடு. ஆண்டுக்கு 4 மீட்டர் அளவுக்கு மழை பெய்யும் இடம் என்பதால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போவது நல்லது. அப்போதும் மழை வரும், ஆனால் விட்டுவிட்டு வரும். வழிகாட்டியோடுதான் உள்ளே போக வேண்டும் என்பதால் முன்பதிவு செய்துவிடுங்கள்.

காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். ஒன்பதுக்கு மேல் வெயிலும் ஏறும், பறவையும் உள்ளே போய்விடும்.

படி 3: கையில் என்ன

பைனாகுலர் 8x42 போதும். 10x வாங்கச் சொல்பவர்கள் பலர். அடர்ந்த காட்டில் அதன் குறுகிய பார்வைக்குள் கிளை விட்டுக் கிளை தாவும் பறவையைப் பிடிப்பது கடினம் என்பது என் அனுபவம். லென்ஸ் 100-400 ஜூம் போதும். ஜூம் ஆகாத 600 மில்லிமீட்டர் பிரைம் லென்ஸ் அழகான பொருள்தான், ஆனால் அண்ணாந்தபடி அரைமணி நேரம் அதைத் தாங்க முடியாது. மூன்று கால் ஸ்டாண்டை அறையிலேயே வைத்துவிட்டு ஒற்றைக் கால் மோனோபாட் எடுத்துப் போங்கள்.

பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் கோஸ்டா ரிக்கா தொகுப்பை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். அராசாரியின் குரலைப் போவதற்கு முன்பே காதில் பழக்க அது வேண்டும். பெரிய டூக்கான் ஒன்று கத்துவது 'டியோஸ் தெ தே', அதாவது 'கடவுள் உனக்குத் தரட்டும்' என்பதுபோல் இருக்கும் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். அராசாரியின் குரல் அப்படிக் கனமானது அல்ல, 'ப்சிக்... ப்சிக்' என்று கூர்மையாக, ஏதோ பூச்சியின் சத்தம்போல் இருக்கும். முதல் நாள் முழுக்க அதைக் கேட்டும் கவனிக்காமல் நடந்திருக்கிறேன்.

அந்த ஒலியைக் காட்டுக்குள் போனில் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். நான் சொன்ன மாதங்கள் கூடு கட்டும் காலம். குஞ்சுக்கு இரை தேட வேண்டிய பறவை, இல்லாத எதிரியைத் தேடி அலையும்.

படி 4: பறவையை விடுங்கள், மரத்தைத் தேடுங்கள்

பாதையோரத்திலும் காட்டு விளிம்பிலும் குவாருமோ மரம் நிற்கும். பப்பாளி இலைபோல் கைவிரித்த பெரிய இலைகள்; விரல் விரலாகத் தொங்கும் பச்சைக் காய்கள். அது பழுத்தால் அராசாரி வரும். அந்த விரல் போன்ற காய் நுனியில் பிய்ந்து அரைகுறையாக நின்றால் யாரோ வந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பொருள், அங்கே நில்லுங்கள். தண்டில் கை வைக்க வேண்டாம், உள்ளே எறும்புகள் குடியிருக்கும்.

படி 5: முதல் பறவையைத் துரத்தாதீர்கள்

என்னை இரண்டு நாள் அலையவிட்டது இதுதான்.

அராசாரி தனியாகத் திரிவதில்லை, குடும்பமாகத் திரியும். ஆனால் கிளிக்கூட்டம்போல் மொத்தமாக எழும்பிப் பறப்பதும் இல்லை. ஒன்று கிளம்பும், வெட்டவெளியை நேராகக் கடந்து அடுத்த மரத்தில் உட்காரும். கொஞ்சம் இடைவெளி. அடுத்தது அதே தடத்தில் கிளம்பும். அப்புறம் மூன்றாவது. வரிசையில் நின்று ஆற்றைக் கடப்பதுபோல்.

நான் செய்தது என்ன? முதல் பறவை பறந்ததும் கேமராவோடு அதன் பின்னாலேயே திரும்பினேன். அது இலைக்குள் மறைந்துவிடும். நான் அங்கே தேடிக்கொண்டிருக்கும்போது, என் முதுகுக்குப் பின்னால், முதல் பறவை விட்டுப்போன அதே கிளையில் இரண்டாவது வந்து உட்கார்ந்து போயிருக்கும். ஒவ்வொரு முறையும் இப்படியே. மூன்றாம் நாள் வழிகாட்டி என் தோளைத் தொட்டு, பறவை போன பக்கத்தைக் காட்டாமல், அது கிளம்பிய கிளையைக் காட்டினார்.

ஆகவே முதல் பறவையைக் கண்ணால் மட்டும் பாருங்கள். எந்தக் கிளையிலிருந்து கிளம்பியது? லென்ஸை அந்தக் கிளையில் குறிவைத்து, ஃபோகஸையும் அங்கேயே பூட்டி, அசையாமல் நில்லுங்கள். இரண்டாவதோ மூன்றாவதோ அங்கே வந்து, தாண்டுவதற்கு முன் தலையைச் சாய்த்துப் பார்க்கும். அந்த இரண்டு மூன்று விநாடிதான் உங்கள் படம்.

படி 6: அலகு வெளுத்துப் போகாமல்

தலை கறுப்பு, மேலலகு வெளிர் நிறம். கறுப்புத் தலையில் ஸ்பாட் மீட்டரிங் (ஒரு புள்ளியில் மட்டும் ஒளியை அளப்பது) வைத்தால் அலகு வெள்ளைத் தாளாகி, ரம்பப் பல் அடையாளம் அழிந்துவிடும். மஞ்சள் வயிற்றில் அளவெடுங்கள். வெளிச்சம் அதிகம் என்று திரையில் அலகு மினுக்கி எச்சரித்தால் மூன்றில் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைக் குறையுங்கள். ரா கோப்பாக எடுத்தால் தலையின் கருமையைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். வெளுத்த அலகு திரும்பி வராது. ஷட்டர் 1/1000, ஐஎஸ்ஓ 3200 வரை நான் தயங்குவதில்லை.

மாலையில் நேரமிருந்தால் பழைய மரங்கொத்திப் பொந்துகளைத் தூரத்திலிருந்து பாருங்கள். இருட்டும் நேரத்தில் குடும்பம் முழுவதும் ஒரே பொந்துக்குள் ஒவ்வொன்றாக நுழையும். இத்தனை பறவை எப்படி உள்ளே அடங்குகிறது? டூக்கான்களின் வால் எலும்பு மூட்டு முதுகுக்கு மேலே மடங்கும்படி அமைந்திருக்கிறது. வாலை முதுகின்மேல் மடித்துப் பந்தாகச் சுருண்டு தூங்கும். அங்கே படம் எடுக்காதீர்கள், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பார்த்துவிட்டு வாருங்கள்.

பின்சேர்க்கை 1: லென்ஸ் முழுக்கப் பனி படர்ந்துவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஏசி அறையிலிருந்து நேராக ஈரக்காற்றுக்குக் கொண்டுபோனால் அப்படித்தான் ஆகும். கேமராவை இரவே வராந்தாவில், பைக்குள் வையுங்கள். துடைத்துத் துடைத்துப் பயனில்லை, கண்ணாடி காற்றின் வெப்பத்துக்கு வர வேண்டும்.

பின்சேர்க்கை 2: மனுவெல் அன்டோனியோ பக்கம் போன இன்னொருவர் அனுப்பிய படத்தில் மேலலகு தணல்போல் ஆரஞ்சுச் சிவப்பு. அது வேறு இனம், தணல் அலகு அராசாரி. நாட்டின் தெற்குப் பசிபிக் பக்கத்திலும் அதை ஒட்டிய மேற்குப் பனாமாவிலும் மட்டுமே வாழ்கிறது. அங்கே அதற்குப் பெயர் குசிங்கோ. அலெக்சாண்டர் ஸ்கட்ச் என்ற பறவையியலாளர் 1941-இல் சான் இசித்ரோ அருகே குடியேறிய பண்ணைக்கு 'லோஸ் குசிங்கோஸ்' என்று அதன் பெயரையே வைத்தார். நூறாவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் முன்பு, 2004-இல் காலமானார். பண்ணை இப்போது பறவைகள் காப்பிடம், பார்வையாளர் போகலாம். படி 4-உம் 5-உம் அங்கேயும் அப்படியே பொருந்தும். படி 6-இல் ஒரு மாற்றம்: அந்தச் சிவப்பு படத்தில் எளிதில் அளவுமீறி நுணுக்கம் அழிந்துவிடும், அதனால் இன்னும் மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்தே தொடங்குங்கள்.