கருவிக்குத் தனி எர்த் வேண்டாம்: மின் பாதுகாப்பில் தொடரும் தவறுகள்

சர்வர் அறையோ ஆய்வுக்கூடமோ, புதிதாக மின் பாதுகாப்பு வேலைக்கு வருபவர்கள் பழைய பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். தரமான பொருள் வாங்குங்கள், அதிகச் சுமை ஏற்றாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

தனி எர்த்

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. "கட்டட எர்த்தில் இரைச்சல் அதிகம், கருவிக்குச் சுத்தமான எர்த் வேண்டும்" என்று வெளியே தனியாக ஓர் உலோகத் தண்டை மண்ணில் அடித்து, கட்டட எர்த்தோடு சேர்க்காமலே இழுத்துவிடுகிறார்கள். அளந்தால் மின்தடை குறைவாகத்தான் இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அருகில் மின்னல் விழுந்து, 10 ஓம் கொண்ட கட்டட எர்த் வழியே 3,000 ஆம்பியர் இறங்கினால், அந்த எர்த் 30,000 வோல்ட்டுக்கு எகிறும். தனி எர்த் அவ்வளவு உயராது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது உங்கள் கருவியும் அதில் செருகிய கேபிளும்தான். இப்படி ஓர் ஆய்வுக்கூடத்தில் யுபிஎஸ் நன்றாக இருந்தது, சர்ஜ் (திடீர் மின்னழுத்த எழுச்சி) தடுப்பானில் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் அளவீட்டுக் கருவிகளின் நெட்வொர்க் போர்ட்டுகள் கருகிக் கிடந்தன. பொறுப்பாளர் இன்னும் பெரிய யுபிஎஸ் வாங்கலாமா என்று கேட்டார்!

உயிருக்கும் இது ஆபத்து. தனி எர்த் 10 ஓம், மின்மாற்றியின் எர்த் 10 ஓம் என்றால், 230 வோல்ட்டில் ஃபேஸ் கம்பி கருவியின் உடலைத் தொட்டாலும் 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு விழாது. மின்கசிவுத் தடுப்பானும் இல்லாவிட்டால் உலோகப் பெட்டியில் 115 வோல்ட் அப்படியே நிற்கும். எத்தனை தண்டுகள் வேண்டுமானாலும் அடியுங்கள். எல்லாவற்றையும் ஒரே எர்த் பட்டையில் இணையுங்கள்.

நீண்ட கம்பி

சர்ஜ் தடுப்பானுக்குப் போகும் கம்பியில் மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி தூண்டல் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) உண்டு. மின்னோட்டம் மைக்ரோ நொடிக்கு 1,000 ஆம்பியர் ஏறினால், அந்த ஒரு மீட்டரிலேயே 1,000 வோல்ட் கூடிவிடும். மொத்த நீளத்தை அரை மீட்டருக்குள் முடியுங்கள்.

ஸ்டெபிலைசரை நம்புவது

ஸ்டெபிலைசரில் மின்னழுத்தத்தை மாற்றும் சுவிட்சான ரிலே மாற மில்லி நொடிகள் ஆகும். சர்ஜ் மைக்ரோ நொடிகளில் வேலையை முடித்துவிடும்.

யுபிஎஸ்ஸில் லேசர் பிரின்டர்

வேண்டாம்.

டேட்டா கேபிளை மறப்பது

வெளியிலிருந்து வரும் செப்புக் கேபிளுக்கும் தடுப்பான் தேவை. அதுவும் அதே எர்த் பட்டையில்தான். கட்டடத்துக்குக் கட்டடம் இழுப்பதானால் உலோகம் இல்லாத ஃபைபர் போடுங்கள்.

அணைந்த காட்டி விளக்கு

தடுப்பானுக்குள் சர்ஜைத் தாங்கிக்கொள்ளும் உறுப்பான வேரிஸ்டர் ஒவ்வொரு பெரிய சர்ஜிலும் தேய்கிறது. அது செத்த பிறகும் பல பிளக் பலகைகளில் மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும். விளக்கு அணைந்திருந்தால் அன்றே மாற்றுங்கள்.