ரத்த தான முகாம் நடத்துவது எப்படி? வாரம் கூடும் சிறு சங்கங்களுக்கு ஒரு செய்முறை

குமரி மாவட்டத்தில் ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைச் சங்கங்களில் புதிதாகச் செயலாளர் பொறுப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் முதலில் திட்டமிடுவது ரத்த தான முகாமைத்தான். எங்கள் சங்கத்தில் அந்தப் பொறுப்பு என் கைக்கு வந்தபோது, எங்கும் எழுதி வைக்கப்படாத பல விஷயங்களை ஒவ்வொருவராகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். பேனர் அடிப்பது, மேடை போடுவது, சிறப்பு விருந்தினரை அழைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றுக்குள் போகவில்லை.

முதலிலேயே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை நூறு பேரைத் திரட்டும் முகாமைவிட, சில மாதங்களுக்கு ஒருமுறை இருபத்தைந்து பேர் வரும் முகாம் மேல். பிரித்தெடுத்த சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கு 5 நாள்தான் ஆயுள். ஒரே நாளில் குவியும் ரத்தம் அந்த வாரத் தேவையைத் தாண்டிவிட்டால், இரண்டு மாதம் கழித்து விபத்தில் அடிபட்டு வருபவருக்கு அது உதவாது. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ஆகவே ஒருமுறை வந்தவர்களையே மீண்டும் அழைக்கலாம்.

படி 1: வாரக் கூட்டத்தில் பத்து நிமிடம்

ரோட்டரியில் வாரந்தோறும் கூட வேண்டும் என்ற விதி 2016-இல் தளர்த்தப்பட்டு, மாதம் இரண்டு கூட்டம் போதும் என்றாகிவிட்டது. ஆனால் சேவைப் பணி செய்ய விரும்பும் சங்கம் வாரக் கூட்டத்தை விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏழு நாளுக்கு ஒருமுறை 'அந்த வேலை என்ன ஆயிற்று?' என்று நேருக்கு நேர் கேட்கும்போதுதான் வேலை நகர்கிறது.

முகாம் பேச்சை நிகழ்ச்சி நிரலில் சிறப்புரைக்கு முன்பே வையுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளினால் பாதிப் பேர் பைக் சாவியைக் கையில் எடுத்துவிடுவார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் நேரே ஒருவர் பெயரை எழுதுங்கள். ரத்த வங்கிக்கு ஒருவர், கொடையாளர் பட்டியலுக்கு ஒருவர், இடத்துக்கும் உணவுக்கும் ஒருவர் என்று மூன்று பேர் போதும். 'சங்கம் செய்யும்' என்று எழுதப்பட்ட வேலையை யாரும் செய்வதில்லை.

படி 2: ரத்த வங்கியிடம் பேசுவது

உரிமம் பெற்ற ரத்த வங்கியின் மருத்துவக் குழு வந்துதான் ரத்தம் எடுக்க வேண்டும். நாகர்கோவிலை ஒட்டி ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ரத்த வங்கியை அணுகலாம். தொலைபேசியில் முடிக்காமல் நேரில் போங்கள். 'நாங்கள் இத்தனை யூனிட் தருகிறோம்' என்று தொடங்காமல், 'எந்த மாதம் உங்களுக்குத் தட்டுப்பாடு?' என்று கேளுங்கள். ஜூன் 14 உலக ரத்த தான நாள், அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்த தான நாள். அந்த நாள்களை ஒட்டி முகாம்கள் நெருக்கமாக நடக்கும். கல்லூரிகள் மூடிக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் கொடையாளர் கிடைப்பது அரிது. சிறிய சங்கம் கைகொடுக்க வேண்டிய காலம் அதுதான்.

படி 3: நாளும் நேரமும்

எங்களை அதிகம் திணறடித்தது இந்தப் படி. ஞாயிறு காலை என்று எல்லோரும் யோசிக்காமல் முடிவு செய்துவிடுகிறார்கள். நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் பிழைப்பு வேறு, நேரமும் வேறு.

குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்கள் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். காலை ஒன்பது மணி முகாமுக்கு அவர்களால் வர முடியாது. அங்கே முகாமைப் பிற்பகலில் வையுங்கள். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போன்ற மேற்குக் கடற்கரை ஊர்களில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் இளைஞர்களில் பலர் அப்போது கரையில் இருப்பார்கள். நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் அவற்றில் போகிறவர்களிடம் 'நாளைக்குக் கடலுக்குப் போகிறீர்களா?' என்று கேட்டுவிடுங்கள். கடும் உடலுழைப்பு வேலை செய்பவர்களும் தொலைதூர வாகன ஓட்டுநர்களும் அடுத்த வேலைக்கு 24 மணி நேரம் இருக்கும்போதுதான் கொடுக்க வேண்டும். இரவு வேலை பார்த்தவர் தூங்கி எழுந்த பிறகுதான் வர வேண்டும்.

இன்னொன்று வெறும் வயிறு. நோன்பிலோ விரதத்திலோ இருப்பவரிடம் ரத்தம் எடுக்க மாட்டார்கள். ரமலான் மாதம், தவக்காலம், மாலையிட்டு விரதம் இருக்கும் கார்த்திகை, மார்கழி ஆகியவற்றை நாள்காட்டியில் முதலிலேயே குறித்துவிடுங்கள். விரதம் இல்லாத ஞாயிறுகளிலும், காலைத் திருப்பலி முடிந்து நேராக முகாமுக்கு வருபவர்களில் பலர் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். வரிசையில் நின்று தலைசுற்றி உட்கார்ந்துவிட்டால், பின்னால் நிற்பவர்களுக்கும் பயம் தொற்றிக்கொள்ளும்.

நாங்கள் கண்ட தீர்வு, சாப்பாட்டு மேசையை இரண்டாகப் பிரிப்பது. பதிவு செய்யும் இடத்துக்கு முன்னால் ஒன்று: சூடான கஞ்சியும் பயறும், இல்லாவிட்டால் இட்லி. பசியோடு வருபவர் சாப்பிட்டுச் சற்று உட்கார்ந்த பிறகே பதிவுக்குப் போகட்டும். ரத்தம் கொடுத்த பின் போகும் மேசையில் பழச்சாறு, பிஸ்கட், இரண்டு மட்டி வாழைப்பழம். இந்த இரண்டாவது மேசை எல்லா முகாமிலும் உண்டு. முதல் மேசையைப் பலரும் யோசிப்பதே இல்லை.

படி 4: நோட்டுப் புத்தகமும் தொலைபேசியும்

வாட்ஸ்அப் குழுவில் போஸ்டர் போடுவது அழைப்பு ஆகாது. கைகூப்பிய படம் நாற்பது வரும், ஆள் வர மாட்டார். கட்டம் போட்ட நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். பெயர், ஊர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி, வேலை நேரம் என்று ஐந்து கட்டம். கணினியில் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வாரக் கூட்டத்தில் கைக்குக் கை மாறி, அங்கேயே எழுதிச் சேர்க்க நோட்டுக்கு இணை இல்லை. அந்த நோட்டு யாருக்கும் படமெடுத்து அனுப்பப்படக் கூடாது.

முகாமுக்கு முந்தின மாலை ஒவ்வொருவரையும் அழையுங்கள். 'அண்ணாச்சி, நாளைக் காலை பத்தரை மணி உங்களுக்கு. சாப்பிட்டுவிட்டு வாருங்கள்' என்று நேரம் குறித்துச் சொன்னால் வருவார்கள். 'எப்போது வேண்டுமானாலும் வாங்க' என்றால் வர மாட்டார்கள்.

படி 5: இடம்

தரைத்தளம், காற்றோட்டம், மின்சாரம், கழிப்பறை. பள்ளி வகுப்பறை போதும்.

படி 6: முகாம் நாள்

18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 கிராம். இவை அடிப்படைத் தகுதிகள். பல முகாம்களில் ஹீமோகுளோபினைப் பார்க்கும் முறை எளிமையானது. விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை நீல நிறத் தாமிர சல்பேட் கரைசலில் விடுவார்கள். சொட்டு அடியில் இறங்கினால் கொடுக்கலாம், மிதந்தால் அன்றைக்குக் கொடுக்க முடியாது.

மிதந்தவரை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பது மிக முக்கியம். ஆசையோடு வந்த பெண்கள் பலர் இங்கேதான் திரும்ப நேர்கிறது. அவர்களையும் உணவு மேசைக்கு அழைத்துச் செல்லுங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்க வழி செய்யுங்கள். ஒருவரை ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்பது அவருக்கும் மருத்துவருக்கும் இடையிலான விஷயம். சிறிய ஊரில் ஒரு வார்த்தை போதும், பெயர் கெட்டுவிடும். ஆலோசனை நடக்கும் மேசைக்கு அருகே சங்க உறுப்பினர் யாரும் நிற்க வேண்டாம், தலைவரே ஆனாலும்.

பரிசுப் பொருள் கொடுக்காதீர்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அடுத்து, பணத்துக்கு ரத்தம் கொடுப்பது 1998 முதல் நாட்டில் தடைசெய்யப்பட்டது. பரிசுக்கு ஆசைப்பட்டு உடல்நிலையை மறைக்கும் நிலையை நாமே உண்டாக்கக் கூடாது. சான்றிதழும் நன்றியும் போதும்.

அடுத்த வாரக் கூட்டத்திலேயே நோட்டைத் திறந்து, கொடுத்தவர் பெயருக்கு நேரே மறுமுறை கொடுக்கக்கூடிய தேதியை எழுதிவிடுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த சிலர் கேட்டவற்றுக்குப் பதில். பச்சை குத்தியவர்கள் ஓராண்டு காத்திருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை மட்டும் எடுத்துக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர், கடைசி நான்கு வாரத்தில் மருந்தோ அளவோ மாறாதிருந்தால் கொடுக்கலாம். இன்சுலின் போடுபவர் கொடுக்க முடியாது. யாராக இருந்தாலும் முடிவு முகாம் மருத்துவருடையது. எனவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைக் கையோடு கொண்டுவரும்படி முந்தின மாலை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.