செட்டிநாட்டு வண்டித்தடங்களில் பைக் ஓட்டுதல்: இருபது வயது தொடங்கி அறுபதுக்கு அப்பாலும்

வடக்கே வெள்ளாறு, தெற்கே வையை, மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல் என்று எல்லை சொல்லப்படும் செட்டிநாட்டில், தார்ச்சாலையை விட்டு இறங்கி மோட்டார் சைக்கிள் ஓட்ட விரும்புபவர் மலையையோ பாலைவனத்தையோ தேடிப் போக வேண்டியதில்லை. காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும், தேவகோட்டைக்கும் கண்டனூருக்கும் இடையே மாட்டுவண்டிகள் போய்வந்த தடங்கள் பல, கண்மாய்க்கும் பொட்டலுக்கும் நடுவில் இன்னும் கிடக்கின்றன. இந்தத் தடங்களில் நெடுங்காலம் ஓட்ட வேண்டுமென்றால் முதலில் கற்க வேண்டியது மெதுவாக ஓட்டுவது. கைவலிமையையும் வேகத்தையும் நம்பி ஓட்டியவர்கள், அவை குறையத் தொடங்கும் வயதில் வண்டியை மூடி வைத்துவிடுவதைப் பார்க்கிறோம். இளமையிலேயே நடைவேகத்தில் சமநிலை பழகியவர்களுக்கு அந்தத் திறமை அறுபது வயதுக்குப் பிறகும் பெரும்பாலும் கைகொடுக்கிறது. இக்கட்டுரையில் சொல்லப்படும் முறைகள் அனைத்தும் அந்த ஒரு நோக்கத்தை முன்வைத்தவை.

தரையை அறிதல்

இந்தப் பகுதியின் தரை பார்வைக்குச் சமதளமாகத் தெரிந்தாலும் சக்கரத்துக்கு அப்படி இல்லை. கீழே செம்பூரான் என்னும் இறுகிய செந்நிறக் கல் படிவமும் அதன்மேல் உருண்டை உருண்டையான சரளையும் இருப்பதால், சிமெண்டுத் தரையில் கேழ்வரகை உதறிவிட்டு அதன்மேல் நடப்பதைப் போலச் சக்கரம் வழுக்குகிறது. சரளையில் வண்டி நேராகப் போகும்போது சிக்கல் இல்லை. திருப்பத்தில் முன்பிரேக்கைப் பிடிப்பதும், சாய்ந்த நிலையில் ஆக்சிலேட்டரைத் திடீரென்று திருகுவதும்தான் ஆளைக் கீழே தள்ளுகின்றன. ஆகவே வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே குறைத்துவிட்டு, திருப்பத்துக்குள் ஒரே சீரான இழுவையுடன் போக வேண்டும். சாலையில் பழகியவர்கள் வண்டியோடு சேர்ந்து உடம்பையும் உள்பக்கம் சாய்ப்பார்கள். சரளையில் இதற்கு மாறாக உடம்பை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, வெளிப்பக்க ஃபுட்ரெஸ்டின் மீது பாரத்தை அழுத்தி, வண்டியை மட்டும் உள்ளே சாயவிட வேண்டும்.

மணிமுத்தாறு, பாம்பாறு, தேனாறு ஆகியவை ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே இருக்கும். மணலில் முன்சக்கரம் இடமும் வலமும் அலைவது இயல்பு. அதைக் கையால் அடக்க முயல்பவர் விழுகிறார். இரண்டாம் கியரில், எழுந்து நின்று, பாரத்தைச் சற்றுப் பின்னுக்குக் கொண்டுபோய், ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடித்து, இழுவை குறையாமல் போனால் வண்டி தானாக வழி கண்டுபிடிக்கும். நடுமணலில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் முன்சக்கரம் புதைந்துவிடும். வயதானவர்கள் இறங்கி நின்று, முதல் கியரில் கிளட்சைப் பாதி விட்டு வண்டியைப் பக்கத்தில் நடத்திக்கொண்டு போவதும் முறையான ஒரு வழிதான்.

கண்மாயின் உட்புறத்துக் கரம்பை மண் காய்ந்திருக்கும்போது பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஒரு மழை பெய்தால் சக்கரத்தில் அப்பி, முன் மட்கார்டுக்குள் இறுகி, சக்கரத்தையே சுழலவிடாமல் நிறுத்திவிடும். ஈரக் கரம்பைக்குள் இறங்காமல் இருப்பதைத் தவிர இதற்கு வேறு உத்தி இல்லை. மழைக்காலத்தில் கண்மாயின் மிகுநீர் வழியும் கலுங்கின் மீதும் தரைப்பாலத்தின் மீதும் நீர் வழியும்போது அடியில் பாசி படிந்திருக்கும். முதலில் நடந்து பாருங்கள். கரண்டைக்காலுக்கு மேல் விசையோடு நீர் ஓடினால் திரும்பிவிடுங்கள். மெல்லிய நீரில் நேர்கோட்டில், பிரேக்கைத் தொடாமல் கடக்க வேண்டும். தண்ணீருக்குள் விழுந்து எஞ்சின் நின்றுவிட்டால் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் போன நீர் அமுங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சினைச் சுழற்றி நீரை வெளியேற்றி, ஏர் ஃபில்டரை உலர்த்திய பிறகே கிளப்ப வேண்டும்.

இவை அனைத்தையும்விட எனக்கு அச்சம் தருபவை தரைமட்டக் கிணறுகளும் கல் வெட்டியெடுத்துக் கைவிடப்பட்ட குழிகளும். சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறுகள் சீமைக்கருவேல முட்களுக்கு நடுவே மறைந்து கிடக்கின்றன. செம்பூரான் கல்லும் கிராவலும் எடுத்த குழிகள் நேர்ச்சுவராக இறங்குகின்றன; போன ஆண்டு பாதையாக இருந்த இடம் இந்த ஆண்டு பள்ளமாக இருக்கலாம். எனவே புதிய தடத்தில் முதல் முறை போகும்போது நடைவேகத்துக்கு மேல் போகக் கூடாது, இருட்டிய பிறகு அறவே போகக் கூடாது, தடத்தை விட்டு விலகிப் புதருக்குள் குறுக்கே பாயக் கூடாது. இந்த மூன்றில் விதிவிலக்கு எதையும் நான் ஏற்கமாட்டேன்.

பருவம்

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கண்மாய்களை நிரப்பும். அப்போது கரைகள் ஊறி இளகியிருப்பதால் அவற்றின்மேல் சக்கரம் போனால் தடம் பள்ளமாகி, அதன் வழியே நீர் அரித்துக் கரையே உடையக்கூடும். ஒரு கண்மாய்க்குக் கீழே எத்தனை குடும்பங்களின் வயல் இருக்கிறது என்பதை நினைத்தால் அந்த மாதங்களில் கரையில் ஏற மனம் வராது. தை அறுவடைக்குப் பின் பங்குனி வரை மண் இறுகி, காலை குளிர்ந்திருக்கும் காலமே ஏற்றது. ஆனால் தை மாதத்திலேயே குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலையோரத்தை நிறைத்திருப்பார்கள்; சிராவயல் போன்ற ஊர்களில் மஞ்சுவிரட்டுக் காளைகள் பொட்டலில் அவிழ்த்துவிடப்படும். அந்த நாள்களில் அந்தப் பக்கம் வண்டியைக் கொண்டுபோக வேண்டாம். சித்திரை, வைகாசியில் விடியற்காலை தொடங்கி ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.

உடம்பும் வண்டியும் பழகும் முறை

பொட்டலில் இரண்டு கற்களைப் பத்தடி இடைவெளியில் வைத்து, காலை ஊன்றாமல், எட்டு போட்டுச் சுற்றுவதே முதற்பயிற்சி. கிளட்சைப் பாதி பிடித்து, பின்பிரேக்கை மெல்ல அழுத்தி, ஆக்சிலேட்டரைச் சிறிது திறந்து வைத்தால் நடைவேகத்திலும் வண்டி நிமிர்ந்தே நிற்கும். பார்வை முன்சக்கரத்தில் இருந்தால் எட்டு சிதைந்துவிடும்; அடுத்த கல்லைப் பார்த்தால் வண்டி அதை நோக்கித் திரும்பும். எழுந்து நிற்கும்போது பாதத்தின் முன்பகுதி ஃபுட்ரெஸ்டில், முழங்கால்கள் டேங்கை இறுக்கி, முழங்கைகள் சற்று வெளியே விரிந்து இருக்க வேண்டும். உடலின் பாரம் முழுவதும் காலில் நிற்க, கைகள் வழிகாட்டினால் போதும். கரையில் ஏறும்போது மார்பை முன்னுக்கும், இறங்கும்போது இடுப்பைப் பின்னுக்கும் கொண்டுபோய், இறக்கத்தில் முதல் கியரின் எஞ்சின் பிடியை நம்ப வேண்டும். கிளட்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவது ஆபத்து.

டயரில் சாலைக்கு 28 முதல் 32 பிஎஸ்ஐ வரை காற்று வைப்பவர்கள், சரளைக்கு 22 அளவுக்குக் குறைத்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். அதற்கு மிகவும் கீழே போனால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கிக் கிழியும். திரும்பும்போது காற்றை ஏற்றிக்கொள்ளக் கைப்பம்பு ஒன்று பையில் இருக்கட்டும். கருவேல முள்ளால் பஞ்சரானால், டியூபை ஒட்டும் முன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். ஒடிந்து நிற்கும் முள்முனை துணியில் சிக்கும். அதை எடுக்காமல் மாட்டினால் ஒட்டிய டியூப் சிறிது தூரத்திலேயே மீண்டும் இறங்கிவிடும்.

இளையவர்களுக்கு

கியர் வண்டிக்கு 18 வயது நிறைந்து உரிமம் இருக்க வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. கிராமத்துப் பாதைதானே என்று மகனிடம் சாவியைக் கொடுக்கும் தகப்பனார்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். அந்த வயதில் சரளைத் தடத்தில் சைக்கிள் ஓட்டச் சொல்லுங்கள். பாரம் மாற்றுவதும் பார்வை வைப்பதும் அங்கேயே பழகிவிடும்.

முதல் வண்டி இலேசானதாக இருக்கட்டும். 1985 முதல் 1996 வரை விற்ற யமஹா ஆர்எக்ஸ் 100 சுமார் 100 கிலோதான். அதன் சஸ்பென்ஷன் காட்டுப்பாதைக்காகச் செய்யப்பட்டதில்லை என்றாலும், அதில் பழகியவர்களின் கிளட்ச் பிடியில் ஒரு நயம் தெரியும். 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 21 அங்குல முன்சக்கரத்துடன் 155 கிலோ அளவில் இருப்பதால் நம் தரைக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஹெல்மெட், கணுக்காலை மூடும் பூட்ஸ், முழங்கால் காப்பு, கையுறை ஆகிய நான்கையும் வாங்கப் பணம் போதாவிட்டால் வண்டியில் செலவைக் குறைத்து இவற்றை வாங்க வேண்டும். சைலன்சரை மாற்றிச் சத்தம் கூட்டுவதற்கு இந்தத் தடங்களில் எந்தப் பயனும் இல்லை. ஆட்டுக்கிடைக்கு எதிரே அந்தச் சத்தத்துடன் போனால் மந்தை சிதறி, அதை மேய்க்கும் கீதாரிக்கு அரைநாள் வேலை வைத்துவிடும். மந்தையைக் கண்டால் எஞ்சினை அணைத்து நில்லுங்கள். அது கடந்த பிறகு புறப்படுங்கள்.

ஐம்பதுக்குப் பிறகு

சென்னையிலோ வெளிநாட்டிலோ பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பின் பூர்வீக வீட்டுக்குத் திரும்பி, இளமையில் ஆசைப்பட்ட பெரிய வண்டியை இப்போது வாங்குகிறவர்களை இங்கே நிறையப் பார்க்கிறோம். அவர்களின் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 190 கிலோவுக்கு மேற்பட்ட 411 சிசி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனை நேராகக் கண்மாய்க்கரைக்கு ஓட்டிச் செல்வது சரியான தொடக்கம் இல்லை. ஒரு மாதமாவது தார்ச்சாலையில் பழகி, பிறகு பொட்டலில் எட்டு போட்டு, அதன்பின் தடத்துக்கு வர வேண்டும். வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விழுந்த வண்டியை நானே தூக்கி நிறுத்த முடியுமா?

தூக்கும் முறை இது. எஞ்சினை அணைத்து, பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பாருங்கள். உருண்டுவிடாமல் இருக்க முடிந்தால் கியரில் போடுங்கள். வலப்புறம் விழுந்திருந்தால் பக்கவாட்டு ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். ஹேண்டில்பாரை முழுதாகத் திருப்பி, இருக்கையில் இடுப்பைப் பதித்து வண்டிக்கு முதுகு காட்டி அமர்ந்து, ஒரு கையால் கீழ்ப்பக்கக் கைப்பிடியையும் மறு கையால் பின்கம்பியையும் பற்றி, முதுகை வளைக்காமல், கால்களால் தரையை உந்திப் பின்னோக்கிச் சிறு அடிகளாக நகருங்கள். இந்த முறையிலும் தூக்க இயலவில்லை என்றால் அந்த வண்டி உங்களுக்குக் கனமானது.

மூப்பில் குறைவது வலிமை மட்டுமன்று. வெளிச்சத்திலிருந்து இருளுக்குக் கண் பழகும் நேரம் நீள்கிறது. கண்புரை தொடங்கியவருக்கு மாலைவெயில் புழுதியில் சிதறிப் பாதையே தெரியாமல் போகும். அதனால் மாலையில் மேற்கு நோக்கித் திரும்ப வேண்டிய வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் வெறும் வயிற்றில் புறப்படக் கூடாது. கடலைமிட்டாயோ குளுக்கோஸோ சட்டைப்பையில் இருக்க வேண்டும், பெரிய பையின் அடியில் இருந்தால் தேவைப்படும் நேரத்தில் கைக்கு எட்டாது. சர்க்கரையால் பாத உணர்ச்சி குன்றியவர் பூட்ஸைக் கழற்றியதும் பாதத்தைப் பார்த்தாக வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு நீர் போகும் மாத்திரை சாப்பிடுபவருக்கு வெயிலில் நீர்ச்சத்து விரைவாகக் குறையும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவரிடம் இந்தப் பழக்கத்தை மறைக்காமல் சொல்லி, மாத்திரை நேரத்தை அவர் அறிவுரைப்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நாள்தோறும் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவதும், சுவரருகே ஒற்றைக்காலில் நிற்பதும் ஃபுட்ரெஸ்டில் நின்று ஓட்டத் தேவையான தசைகளைக் காக்கும். நெடுந்தூரம் வேண்டாம், பாதி வழியில் களைத்தால் திரும்பும் பாதிக்கு வலு இருக்காது என்று கணக்கிட்டு, முழு வலுவில் மூன்றில் ஒரு பங்கு செலவானதும் திரும்ப வேண்டும். எந்த வயதிலும் தனியே போகக் கூடாது. அறுபதுக்குப் பிறகு உடன் வருபவர் இருவராக இருப்பது நல்லது, ஒருவர் அடிபட்டவரிடம் இருக்க, மற்றவர் தார்ச்சாலைக்கு வந்து 108க்கு வழிகாட்டலாம்.

போகக் கூடாத இடங்கள்

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். அய்யனார் கோயில் காட்டுக்குள், புரவிகள் நிற்கும் இடத்துக்கு நடந்தே போங்கள். திருப்பத்தூர் அருகே, 1977இல் சரணாலயமான வேட்டங்குடிக் கண்மாயில் பறவைகள் கூடு கட்டியிருக்கும் காலத்தில், கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊரின் எல்லைக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திவிடுங்கள். பட்டா நிலமாகத் தெரிந்தால் உரிமையாளரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். கிணறு எங்கே இருக்கிறது, புதுக்குழி எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்பதை அவரே சொல்லிவிடுவார்.

திரும்பி வந்த பின்

செம்புழுதி மிக நுண்மையானது. ஏர் ஃபில்டரில் படிந்தால் எஞ்சின் திணறும், கடந்து உள்ளே போனால் பிஸ்டனைத் தேய்க்கும். ஒவ்வொரு முறையும் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். செயினை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, எண்ணெய் இடுங்கள். புழுதியின் மீதே எண்ணெய் விட்டால் அது அரம் கணக்காகப் பல்சக்கரத்தை அரைத்துவிடும். சக்கரத்துக் கம்பிகளை விரலால் தட்டிப் பார்த்து, ஓசை மங்கிய கம்பியை இறுக்கச் சொல்லுங்கள்.

எழுபதை நெருங்கும்போது உயரமான வண்டியில் காலைத் தூக்கிப்போடுவதே சிரமமாகலாம். அந்த நிலை வந்தால் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 போன்ற, 90 கிலோவுக்கும் குறைந்த வண்டிக்கு மாறிக்கொள்ளுங்கள். நம் ஊர் விவசாயிகள் உரமூட்டையோடும் புல்லுக்கட்டோடும் அதே தடங்களில் அதை ஓட்டுகிறார்கள். அதன் சக்கரம் சிறியது என்பதால் சரளையில் சைக்கிள் வேகத்துக்கு மேல் போக வேண்டாம். மணற்பகுதி வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம்.